நாலு செல்லா, ஆறு செல்லா

10-4-89, திங்கள்
காலை ஏழு மணிக்கே வேர்வை. ஆவடியில் லோக்கலில் தொங்கல். பட்டரவாக்கத்தில் இறங்கி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வரை நடை. பஸ் காசு மிச்சம், செருப்பு நஷ்டம்.

இன்று சால்டர் வைத்த போர்டு 62. எல்லாம் டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் செட்டுக்கு. சால்டரிங் புகை. கண் எரிச்சல்.

சாயங்காலம் ஓனர் என்னையும் ஆல்பர்ட்டையும் கூப்பிட்டார். வெளிநாட்டுப் பத்திரிகையில் கிழித்த ஒரு தாள். கையில் பிடித்து ஆடும் கேம். டிவி வேண்டாம், அதிலேயே திரை. இன்னும் நம் ஊர்க் கடைக்கு வராத சாமான். முன்பக்கம் ஒரு படம், முதுகு ஒரு படம். மற்றதெல்லாம் ஜப்பான் எழுத்து.

"இதே மாதிரி நாம ஒண்ணு பண்ணணும்ப்பா. உள்ள என்னென்ன இருக்கும், பர்மா பஜார்ல என்ன விலைக்கு வரும், ஆளுக்கு ஒரு தாள்ல எழுதுங்க. கவர்ல ஒட்டி சனிக்கிழமை குடுங்க. அடுத்த மாசம் என் சகலை சிங்கப்பூர்லேர்ந்து மெஷினையே கொண்டாராரு. பிரிச்சுப் பாப்போம். யாரு கிட்ட வந்திருக்காங்களோ அவங்களுக்கு டிசைன் டேபிள்."

டிசைன் டேபிள் என்றால் ஃபேன். முதுகு சாய்க்க நாற்காலி. பெர்மனெண்ட்.

டிசம்பரில் அப்பா ரிடையர். ஃபாக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பெஞ்ச் கூலியில் எவன் வீடு தருவான்? இது எனக்கு வேண்டும்.

11-4, செவ்வாய்
ஆல்பர்ட்டும் நானும் ஒரே பாலிடெக்னிக். நான் 78 சதவீதம், அவன் 61. அவனிடம் டிஜிட்டல் மல்டிமீட்டர், என்னிடம் முள் வளைந்த பழைய மீட்டர். அவன் அண்ணன் சிங்கப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலை, புதுச் சாமான் எது வந்தாலும் வீட்டுக்கு எழுதுகிறவன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்று அவன் சட்டை புதுசு. பக்கத்தில் நின்றால் பாரின் சோப்பு வாசனை. எரிச்சல்.

அம்மா: ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை.

12-4, புதன்
பிடித்துவிட்டேன்!

முதுகுப் படத்தில் மெஷினைப் பிடித்திருக்கும் கட்டைவிரல். ஸ்கேல் வைத்தேன். படத்தில் விரல் அகலம் 8 மி.மீ. என் விரல் 2 செ.மீ. அதாவது இரண்டரை மடங்கு. மெஷின் அகலம் படத்தில் 3.6, நிஜத்தில் 9 செ.மீ. செல் போடும் மூடி 2.4, நிஜத்தில் 6. பென்சில் செல் ஒன்று 1.4. நாலு போட்டால் 5.6, சரியாக உட்காரும். ஆறு போட இடமே இல்லை.

நாலு செல் என்றால் கலர் திரை கிடையாது. கலருக்கு உள்ளே விளக்கு எரிய வேண்டும், செல் ஒரு மணி நேரம் தாங்காது. எனவே கால்குலேட்டர் மாதிரி கறுப்பு எழுத்துத் திரை. 8 பிட் சிப். ஒரே ஸ்பீக்கர். விலை: பஜாரில் 2200.

சாப்பாட்டு நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ஆல்பர்ட்டிடம் ஸ்கேலோடு விளக்கினேன். பெருமை.

"மாமே, உன் மண்டைக்குள்ள இன்னாதான்டா வச்சிகினு கீற!" என்றான். அவன் டப்பாவிலிருந்து மீன் துண்டு ஒன்றை என் சோற்றில் வைத்தான். தின்றேன். நல்ல வஞ்சிரம்.

13-4, வியாழன்
ஆல்பர்ட்டுக்கு ஏர்மெயில் வந்திருக்கிறது. சட்டைப் பையில் நீல ஓரம் தெரிகிறது.

"இன்னாடா, மெஷினப் பத்தி அண்ணன் எழுதிகீறாரா?"

"ஆங், எழுதிகீறான், எழுதிகீறான்." சிரித்தான். எடுத்துக் காட்டவில்லை. பேச்சை மாற்றினான்.

நான் கட்டைவிரலை அளந்து கண்டுபிடித்ததை அவன் அண்ணன் ஷோகேசில் கையால் தொட்டே பார்த்திருப்பான். பிறகு என்ன போட்டி? 78 சதவீதத்தை வைத்து நாக்கு வழிக்கலாம்.

14-4, வெள்ளி
வருஷப் பிறப்பு. லீவு. வடை, பாயசம். அப்பா குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம் என்றார், "விட்டுட்டுப் போற வீடு". நாள் முழுக்க அந்த நீலக் கவர் ஞாபகம்.

15-4, சனி
செய்துவிட்டேன். எழுதியே தீர வேண்டும்.

கரண்ட் கட். எல்லோரும் பனியனோடு. சட்டைகள் ஆணியில். ஆல்பர்ட் கை கழுவப் போனான். அவன் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துப் படித்தேன். அரை நிமிஷம்.

கலர் திரை. உள்ளே விளக்கு. ஆறு செல். இரண்டு ஸ்பீக்கர். நம் ஊர்க் காசுக்கு 4500. "நானே கையில வச்சுப் பாத்தேன் தம்பி."

திருப்பி வைத்தேன். என் தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் கலர், ஆறு, 4500 என்று எழுதினேன். ஆறு செல் அந்த மூடிக்குள் போகாது. தெரியும். இரண்டு அடுக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கவரை ஒட்டிக் கொடுத்தேன். ஓனர் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அவனுக்கு மட்டும் அண்ணன் இருந்தால் நான் என்ன செய்வது.

6-5, சனி
அக்னி மூன்றாம் நாள். தகர ஷெட் கொதிக்கிறது.

மெஷின் வந்தது. சாம்பல் நிறம். ஓனர் மூடியைத் திறந்தார். நாலு செல்.

போட்டு ஆன் செய்தார். பச்சைத் திரை, கறுப்புப் பொம்மைகள். கலர் இல்லை. விளக்கு இல்லை. ஸ்பீக்கர் ஒன்று. சகலை சொன்ன பஜார் விலை 2300.

கவர்களைப் பிரித்தார். ஆல்பர்ட்டின் தாள்: நாலு செல், கறுப்பு, ஒரு ஸ்பீக்கர், 2200. கீழே கட்டைவிரல் படம்கூட வரைந்திருக்கிறான். பாவி.

என் தாளை ஓனர் சத்தமாகப் படித்தார். "ஏம்ப்பா சேகர், கனவு கண்டியா?" எல்லோரும் சிரிப்பு. ஆல்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை.

டிசைன் டேபிள் அவனுக்கு. திங்கள் முதல்.

8-5, திங்கள்
காலையில் அவன் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். நான் தலை நிமிரவில்லை.

டீக்கு வெளியே போனபோது பின்னாலேயே வந்தான்.

"மாமே, கோச்சிக்காத. நீ சொன்னதத்தான் நான் எழுதினேன். நீயும் அத்தத்தான் எழுதுவே, ரெண்டு பேரும் ஒண்ணா வருவோம்னு இருந்தேன்."

நான் டீயை ஊதினேன்.

"எங்க அண்ணன் கடையில பொட்டி தூக்கறவன். பேக்கிங் ரூம தாண்டி உள்ள உட மாட்டாங்க. ஊட்டுக்கு எழுதறதெல்லாம் அளப்பு. அதான் லெட்டர உன்கிட்ட காட்டல, வெக்கமா இருந்துச்சி." கிளாஸைக் கீழே வைத்தான். "கலரு, ஆறு செல்லு, நாலாயிரத்து ஐந்நூறு. அது எங்க அண்ணன் நம்பராச்சே, சேகரு."

எப்போதும் என்னை மாமே என்றுதான் கூப்பிடுவான். பேர் சொல்லி இன்றுதான்.

இரண்டு டீக்கும் அவனே காசு கொடுத்தான். ஓனரிடம் சொல்ல மாட்டான், தெரியும். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மத்தியானம் அவன் வரைந்த முதல் போர்டு என் பெஞ்சுக்கு வந்தது. மூன்றாவது கோடு தப்பு. ஆன் செய்ததும் ஷார்ட் ஆகிக் கருகும். எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவதா, அப்படியே சால்டர் வைத்துவிடுவதா என்று பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

சால்டர் வைத்துவிட்டேன்.