வெயிலில் முந்திக்கொண்ட பீச் பழங்கள்

அன்புள்ள ஜெனில்டாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? உன் முதுகுவலி விட்டதா? ஆடுகளுக்குத் தீவனம் கிடைக்கிறதா? எனக்கு நோய் நொடி இல்லை, குழப்பம்தான்.

நம் ஊர் போல இல்லை, இந்தத் தெற்கில் ஆகஸ்ட் என்றால் நடுங்கும் குளிர்காலம்; அது தாங்காமல் சூசையப்பரைத் தண்டித்தேன். மழை பெய்யாவிட்டால் நம் ஊரில் செய்வோமே, அதேபோல, "வெயிலக் கொண்டா, உள்ள விடுறேன்" என்று சிலையை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டேன். வெயில் வந்தது. வந்தது போகவே இல்லை. எனக்குக் கொண்டாட்டம், நான் பழம் பறிக்கும் பீச் தோட்டத்து முதலாளி இர்மா அம்மாவுக்கு முகம் தொங்கிப்போனது.

"வெயில் அடிச்சா பழம் பெருசாகும்தானேம்மா?" என்றேன்.

"அட மக்கு! குளிர் பத்தலைன்னா மரம் ஒழுங்காப் பூக்காது. பிஞ்சுல சூடு ஏறினா, சதை பிடிக்கிறதுக்குள்ள பழுத்துத் தொலைக்கும்."

அப்படியேதான் ஆனது. பழமெல்லாம் எலுமிச்சை அளவு. சிலையை உள்ளே வைத்து மன்னிப்புக் கேட்டும் பயனில்லை. அந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? அவர்கள் வேறு சபை, அவர்கள் கோயிலில் புனிதர் சிலையே கிடையாது.

உன் கையால் வறுத்த மரவள்ளி மாவு கொஞ்சம் அனுப்பச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இங்கே தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்கவில்லை. ஆனால் அனுப்பாதே. பழம் முந்திவிட்டதால் பறிப்பும் சீக்கிரம் முடிகிறது, கிறிஸ்துமஸுக்கு முன்பே கிளம்பிவிடுவேன்.

தோட்டத்துக்கு ஏற்றிப்போகும் லாரிக்காரன் கத்துகிறான். ஒன்று மட்டும் உண்மையைச் சொல்: என்னைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லி நீயும் அங்கே சூசையப்பரை வெளியே நிறுத்தினாயா?

உன் அதெமார்