மைலுக்கு ஒரு வீடு

திருவண்ணாமலை
3-10-1961

சிரஞ்சீவி சகாதேவனுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம், மலையும் இருந்த இடத்தில் இருக்கிறது, உன் உடம்பு அந்தக் குளிருக்குப் பழகிவிட்டதா என்று எழுது. அமெரிக்காவிலிருந்து நீ அனுப்பிய அயோவா ஜில்லாப் படமும் போட்டோக்களும் வந்தன. பழைய பண்ணை வீடுகளை அளந்து எழுத இன்னும் ஒரு வருஷம் தங்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாய் பின்னின மாதிரி கட்டம் கட்டமா இருக்குது, இதுல ஊர் எங்க இருக்குது என்றார். நிலம் கொடுத்த சர்க்கார் அதிலேயே குடியிருக்கச் சொன்னதால் அவனவன் தன் வயல் நடுவில் வீடு கட்டிக்கொண்டான் என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். மோர் வாங்க வந்திருந்த எதிர்வீட்டுக் காசியம்மாளுக்கு அதைக் கேட்டுக் கவலை வந்துவிட்டது. மைலுக்கு ஒரு வீடுன்னா புருஷன் பொண்டாட்டி சண்டைய யாரு வந்து விலக்குவாங்க என்றாள். பண்ணை போட்டோவைக் காட்டி, பெரிய சிவப்புக் கட்டடம் மாட்டுக்கு, பக்கத்தில் இருக்கும் சின்னதுதான் மனிதர்களுக்கு என்று நான் சொன்னதும், அந்த ஊரில் மாடாகப் பிறப்பதே மேல் என்று முடிவு செய்துவிட்டாள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நீ குடியிருக்கிற வீடும் அப்படித் தனியாக நிற்பதுதான் அவருக்கு உறுத்தல். ஜுரம் வந்தா கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்ல, தை பொறந்ததும் பொறப்பட்டு வரச் சொல்லு என்றார். நான் விடாமல் உன் கட்சி பேசினேன், படிப்பு என்றேன், உத்தியோகம் என்றேன், அவர் மசியவில்லை. கடைசியில் அந்த ஜில்லாவின் தலைமை ஊர் போட்டோவை நீட்டினேன். நடுவில் கோபுரம் வைத்த கட்டடம், அதைச் சுற்றி நாலு பக்கமும் தெரு, தெரு நெடுகக் கடைகள். கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். அது கோயில் இல்லை, கோர்ட்டு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோர்ட்டா இருந்தா என்ன வேதா, நடுவுல ஒண்ண வெச்சு நாலு வீதி விட்டவனுக்குக் குடித்தனம் தெரியும். அந்த வீதியில ரூம் பார்த்துக்கச் சொல்லு, ஒரு வருஷம் இருந்துட்டு வரட்டும்" என்றார்.

ஆக, உனக்கு உத்தரவு கிடைத்துவிட்டது. அவ்வளவு நேரம் நான் வாதாடியது, அவர் எப்படியும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில்தான். இப்போது ஜெயித்துவிட்டு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணாமலையார் உன்னைக் காப்பாற்றட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அறை மாற்றியதும் விலாசம் எழுது. ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம்தான்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா