வாசலடைத்த தேன்பெட்டிகள்

அன்புள்ள ஒஃபேலியாவுக்கு,

நீயும் குழந்தையும் சுகமா? உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? நான் டெக்சாஸில் நலம். முகம் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, பயப்படாதே.

தேனீ வளர்த்தால் விவசாய நிலமென்று வரி குறையும். அதற்காகத்தான் முதலாளி புரூயிட் என்னை வைத்திருக்கிறார். மற்றபடி தேனீ என்றாலே அவருக்கு நடுக்கம். நேற்று வரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி பெட்டிகளைப் பார்க்க வந்தார். ஒரு ஈகூட வெளியே பறக்கவில்லை.

"காலிப் பெட்டியக் காட்டி ஏமாத்தப் பாக்கறீங்களா?" என்றார்.

"இவன்தான் மேடம்! ஈயையெல்லாம் வித்துத் தின்னுட்டான் போல!" என்று புரூயிட் என்னைக் கைகாட்டினார்.

குனிந்து பார்த்தால், எல்லாப் பெட்டி வாசலிலும் டேப்! வருகிறவரைக் கொட்டிவிடக்கூடாதென்று புரூயிட்டே ஒட்டியிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் இந்த வெயிலில் அத்தனையும் உள்ளேயே வெந்து செத்துவிடும். கையுறைகூடப் போடாமல் பிய்த்தெறிந்தேன். அப்புறமென்ன, ஈக்கள் மொத்தமாகப் பாய்ந்து வந்தன, எல்லோரும் ஓடினோம்.

"போதும்ப்பா, நம்பிட்டேன்!" என்று கத்திக்கொண்டே அதிகாரி காரில் ஏறினார்.

புரூயிட் மட்டும் இன்னும் என்னை நம்பவில்லை. காலையில் வந்து பெட்டிகளை எண்ணினார். நானும் அவர் சட்டைப்பையில் டேப் இருக்கிறதா என்று நோட்டம் விட்டேன். இங்கே இருந்து இருந்து எனக்கும் இந்தச் சந்தேகப் புத்தி வந்துவிட்டது.

கொஞ்சம் மிளகாய்ப்பொடி அனுப்பு. உன் குரலையும் பதிந்து அனுப்பு. முதலாளி கூப்பிடுகிறார், அவசரம். ஒன்றே ஒன்று: நீ அனுப்பிய படத்தில் உனக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் தொப்பி, நான் விட்டுவந்ததுதானே?

உன்,
எவரிஸ்தோ