ஞாயிற்றுக்கிழமை அழைப்பு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் தொடங்கினேன். அப்பாவைப் பற்றி எழுத வேண்டியிருப்பதால் அந்த வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நின்றுகொண்டே செய்கிற வேலையை மாற்றித் தருவதாகச் சொன்னார்களே, தந்தார்களா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். நீ பேசும்போது அம்மா என் தோளில் கை வைத்தபடியே நிற்கிறாள். தவிர, எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் கையால் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடு.

அப்பா மறுபடி ஷட்டர் பட்டறைக்குப் போகிறார். முதலாளி வெல்டிங் வேலை இன்னும் கொடுக்கவில்லை. தகடுகளை அரத்தால் தேய்ப்பதும் பெயிண்ட் அடிப்பதும்தான். கை நடுக்கம் நின்றுவிட்டது. டீ கிளாஸை ஒரே கையில் தூக்கி எல்லோருக்கும் காட்டினாராம். அங்கே ஒருவர், என்ன மேஸ்திரி, இப்பல்லாம் டீயிலயே ஏறிடுதா என்று கேட்டாராம். அப்பாவே வீட்டில் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் தட்டுகளைக் கழுவி அடுக்கினேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று உண்டு. குடியை நிறுத்தும் சிகிச்சை வார்டில் சேர்த்த மறுநாள் அப்பாவுக்கு வலிப்பு வந்தது. அம்மா உன்னிடம் காய்ச்சல் என்றாள். மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் கொந்தளிக்கிறதாம். குடிப்பதும் விடுவதும் மறுபடி குடிப்பதுமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கொந்தளிப்பு கூடிக்கொண்டே போகுமாம். அப்பா ஏற்கெனவே பல தடவை விட்டுத் தொடங்கியவர். இன்னொரு தடவை இப்படிக் கொண்டுவந்தால் உயிருக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டர். அவர் பேசும்போது நான் மேஜைமேல் இருந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் யாரோ கடித்த தடம் இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இதுவரைக்கும் வரவில்லை.

என் வேலையைப் பற்றி நீ கேட்டதே இல்லை. குறையாகச் சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைக் கவனிப்பது என் வேலை. அப்பா எனக்கு வைத்த பெயர் எலி டாக்டர். எலிக்கெல்லாம் ஊத்திக் கொடுக்கிற, பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு கிடையாதா என்று வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

ஆனால் அதுதான் உண்மை, ஊற்றித்தான் கொடுக்கிறோம். எலி இருக்கும் பெட்டிக்குள் ஒரு சின்ன விளக்கு எரியும். அப்போது எலி ஒரு கம்பியை அழுத்தினால் மது கலந்த தண்ணீர் சொட்டும். பழகியபின் மதுவை நிறுத்திவிடுவோம். விளக்கும் எரியாது. எலி கொஞ்ச நாள் அழுத்திப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். சாப்பிடும், தூங்கும், பார்த்தால் நல்ல எலி. பிறகொரு நாள் விளக்கைப் போடுவோம். விளக்கை மட்டும்தான். ஓடி வந்து அழுத்தும். ஒன்றும் சொட்டாது, ஆனாலும் அழுத்திக்கொண்டே இருக்கும். சில எலிகளுக்கு முன்னங்கால் நடுங்கும்.

அப்பாவுக்கு மனசு இருந்தா விட்டிருப்பார் என்று ஒரு தடவை நீ சொன்னாய். அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஒன்று நமக்குப் பிடிப்பது வேறு, அது வேண்டும் என்பது வேறு. மூளையில் இரண்டுக்கும் வழி வேறு. குடித்துக் குடித்துப் பிடிப்பது தேய்ந்துபோகும், வேண்டும் என்பது மட்டும் வளர்ந்துகொண்டே போகும். கசக்குதும்மா, வருஷக்கணக்கா கசக்குது என்று அப்பா என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் அதைச் சாக்கு என்று நினைத்திருந்தேன்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வார்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால் அங்கே இருந்தவரை அப்பா உன்னோடு பேசவில்லை. அப்பா நன்றாக இருந்தார். வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மாலையில் நீ கூப்பிட்டாய். அவன் குரலைக் கேட்டாலே பாதி குணமாயிடும் என்று அம்மா போனை அவர் காதில் வைத்தாள். பேசி முடித்ததும் அப்பா சட்டையை மாட்டினார். ஷேவிங் பிளேடு வாங்கப் போறேன் என்றார். போய், பிளேடோடுதான் வந்தார். ஒரு பெட்டியே வாங்கி வந்திருந்தார். வாயில் வாடை இல்லை, மேல் உதட்டில் வியர்வை இருந்தது.

உனக்கு நினைவிருக்கும். நீ இப்போது இருக்கும் ஊரில் உனக்கு வேலை கிடைத்த நாளில் அவர் சந்தோஷத்தில் குடித்தார். அதன்பிறகு நீ கூப்பிடும் ஒவ்வொரு ஞாயிறும் பேசி வைத்ததும் குடிப்பார். மகன் பேசினான் என்று தெருவுக்கே சொல்லிவிட்டுப் போவார். நாம் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை, அவர்தான் மற்ற நாளும் குடித்தாரே.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். போனில் மணிச் சத்தத்தை மாற்றி வைத்தேன். விளக்கை மாற்றிவிட்டதாக நினைப்பு. அடுத்த ஞாயிறு புதுச் சத்தம் கேட்டபோது அப்பா தன்பாட்டுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்புறம் நீ, அப்பா, சாப்பிட்டீங்களா என்று கேட்டாய். அவர் வெட்டுவதை நிறுத்தினார். நகவெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பேசினார்.

விளக்கு மணிச்சத்தம் இல்லை அண்ணா. உன் குரல்.

அன்று பேசி முடித்ததும் வெளியே போனவரைத் தேடிப் போனேன். மதுக்கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை. நகவெட்டி கையிலேயே இருந்தது. போனை வெச்சேன், பார்த்தா இங்க இருக்கேன் என்றார். திரும்பி நடக்கும்போது, அவன் பேசினா சந்தோஷமாத்தான் இருக்கு, அந்தச் சந்தோஷத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னுதான் தெரியல என்றார். அவர் வேகத்துக்கு நடந்தேன்.

ஆராய்ச்சிக்கூடத்து மேடத்திடம், பழகிய விளக்கை எலி மறக்குமா என்று கேட்டேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. பழசு அழியாது, அதற்குமேல் புதுசு படியலாம், அதற்கு நாளாகும் என்றார். வார்டு ஆலோசகரிடம் அப்பாவைச் சொல்லியே கேட்டேன். எலிக்கு நடப்பது எல்லாம் மனுஷனுக்கு அப்படியே நடக்காது, ஆனால் இப்போதைக்கு அழைப்பு வேண்டாம், கொஞ்சம் தேறியபின் தன் எதிரிலேயே பேச வைக்கலாம் என்றார்.

அதனால் கேட்கிறேன். இந்த ஞாயிறு கூப்பிடாதே. நான் சொல்லும்வரைக்கும் கூப்பிடாதே. உனக்கு வீட்டிலிருந்து கிடைப்பதே அந்த ஒரு பேச்சுதான். அதைத்தான் கேட்கிறேன் என்று தெரிந்தே கேட்கிறேன். அப்பாவுக்குக் கடிதம் எழுது. அவருக்குப் படிக்க வராது, நான் என் குரலில் படித்துக் காட்டுகிறேன்.

அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பெத்த பிள்ளையோட பேச்சு விஷமாடி என்றாள். நீ கூப்பிடவில்லை என்றால் ஞாயிறு மாலை அவளே உன்னைக் கூப்பிடுவாள். மணி அடித்து ஓயும், மறுபடி அடிக்கும். நீ அங்கே போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். இங்கே அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அவர் பக்கத்திலேயே இருப்பேன்.

எடுத்துவிடாதே அண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை