கால் முளைக்காத தலைப்பிரட்டைகள்

அன்புள்ள அப்பாவுக்கு இளவேனிலின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம். திருச்சியில் நான் நலம்.

ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். ஸ்ரீரங்கம் பக்கத்து வாய்க்கால் தண்ணீரை விட்டு எங்கள் ஆய்வகத்தில் நான் வளர்த்த தலைப்பிரட்டைகளுக்கு இரண்டு மாதமாகியும் கால் முளைக்கவில்லை. நல்ல தண்ணீரில் விட்டவையோ தவளையாகித் துள்ளுகின்றன. அந்த வாய்க்காலில் கழிவு விடும் சாயப்பட்டறை முதலாளி இது தெரிந்து இன்று ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்.

"தவளைக்குக் கால் வரலேன்னா யாருக்கும்மா நஷ்டம்?" என்று சிரித்தார்.

"அதுக்குக் கால் வரவைக்கிற அதே தைராய்டு சுரப்புதாங்க வயித்துல இருக்கற புள்ளைக்கு மூளைய வளர்க்குது. உங்க கழிவு அதைத் தடுக்குது. அந்தக் கரையில கர்ப்பிணிங்க தண்ணி எடுக்கறாங்க" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. அவர் போனதும், இதைப் பற்றி நான் எழுதிய அறிக்கையை இப்போதைக்கு அரசிடம் கொடுக்க வேண்டாம் என்றார் எங்கள் பேராசிரியர். ஆனால் நான் அதை நேற்றே கலெக்டர் ஆபீசில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். வேலை போனால் போகட்டும் அப்பா.

அம்மாவிடம் எள்ளுப்பொடி இடித்துத் தரச் சொல்லுங்கள். நீங்களே கொண்டுவந்தால் இரண்டு நாள் இருக்கலாம். இங்கே சாப்பிடும்போது பேச ஆளில்லை.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். நாளைக் காலை அதே வாய்க்காலில், எல்லோரும் பார்க்க, மறுபடியும் ஆய்வுக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறேன்.

உங்கள் மகள்,
இளவேனில்