சடையன் மகன் ராமன் எத்தனை பேர்?

சிஸ்டர்,

இன்று காலை வெள்ளிமலை ஆஸ்பத்திரியிலிருந்து, உங்கள் இடத்துக்கு வந்த புது நர்ஸ் போன் செய்தாள். "சார், புரோகிராம் நின்னுபோச்சு. 'ரெண்டு பேர் இருக்காங்க, ஆளைப் பாத்துக் கேளுங்க'ன்னு காட்டுது." அது நீங்கள் சொன்ன வாக்கியம்.

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்கு அந்தப் புரோகிராமை எழுதியபோது நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். புத்தகம் பார்த்துக் கற்றவன். பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றையும் தட்டினால் நோயாளியின் விவரம் வரவேண்டும். அதற்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. ஃபர்ஸ்ட் என்று எழுதினால், பொருந்துபவர்களில் முதலில் அகப்படுபவரைக் கொடுத்துவிட்டு மேலே தேடாது. சிங்கிள் என்றால், பொருந்துபவர் ஒருவர்தான் என்று உறுதியானால்தான் கொடுக்கும்; இரண்டாவது ஆள் இருந்தால் நின்றுவிடும். நான் ஃபர்ஸ்ட் போட்டேன். நாலு பேர் முன்னால் என் புரோகிராம் நின்றுவிடுமோ என்ற பயம்தான் காரணம். அதை உங்களிடம் மட்டும்தான் பிறகு ஒப்புக்கொண்டேன்.

மலையில் மூத்த பையனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஒருநாள் நான் அங்கிருந்தபோது சடையன் மகன் ராமன் காய்ச்சலோடு வந்தான். டாக்டர் பென்சிலின் எழுதினார். திரையில் 'ஒத்துக்கொள்ளாத மருந்து: இல்லை' என்றிருந்தது. ஊசியில் மருந்தை ஏற்றிய பிறகு நீங்கள் இன்னொரு தடவை திரையைப் பார்த்தீர்கள்.

"இன்னா சார், உங்க மெஷினு இவனுக்கு எழுபத்தோரு வயசுன்னுது? மீசையே இப்பதான் மொளைக்குது."

"அது எங்க தாத்தாங்க. அவரும் ராமன்தான், அவுங்கப்பாவும் சடையன்தான்" என்றான் அவன்.

ஊசியைத் தட்டில் வைத்தீர்கள். பட்டியலை முழுக்க இறக்கிப் பார்த்தோம். அடியில் இன்னொரு ராமன் இருந்தான், வயது இருபது. பென்சிலின் ஆகாது.

இனி பழையபடி நோட்டில் எழுதி வைப்பதே போதும் என்றேன்.

"நோட்டு எதுக்கு சார்? ரெண்டு பேர் இருந்தா ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொல்லிட்டு நிக்கட்டும். நாங்க ஆளைப் பாத்துக் கேட்டுக்கிறோம். நிக்கிறதுல இன்னா வெக்கம்?"

அன்று மாலை கடைசி பஸ்ஸுக்கு முன்பே சிங்கிள் என்று மாற்றிவிட்டேன். நின்றால் காட்டவேண்டிய வாக்கியத்தையும் நீங்களே சொன்னீர்கள்.

இன்று அது நின்றது, ராமன் மகன் சடையன் என்ற பெயருக்கு. அன்றைக்கு ஊசி போடாமல் தப்பினானே, அந்த ராமனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. குழந்தைக்கும் அதன் தாத்தாவுக்கும் எல்லாப் பெயரும் ஒன்று. நர்ஸிடமிருந்து டாக்டர் போனை வாங்கினார்.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்குங்க சார். மொத ஆளையே காட்டற மாதிரி மாத்திக் குடுத்துடுங்களேன்."

யார் எது கேட்டாலும் சரி என்று சொல்லிப் பழகியவன் நான். உங்களுக்குத் தெரியும்.

"முடியாதுங்க டாக்டர். கொழந்தையா பெரியவரான்னு பாத்து எடுத்துக்குங்க."

பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "கொழந்தைதாங்க. அம்மா மடியில தூங்கிக்கினு இருக்கு."

என்மேல் எனக்கிருக்கும் சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஆனால் சந்தேகம் வந்த இடத்தில் நின்று கேட்கிறேன். வெட்கமாக இல்லை, சிஸ்டர்.