பெட்டிக்குள் விட்ட வெறுங்கை

நம் பெரியவனின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே மரப்பட்டறையில் சம்பளத்தன்று நன்கொடைப் பெட்டி வரும். திரளும் பணம் ஊர் இலவச மருத்துவமனைக்குப் போகும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாதபடி கையை மூடியே உள்ளே விடுவோம். கூலியை உயர்த்தாத முதலாளியின் பெட்டிக்கு நான் ஏன் தர வேண்டும் என்று மூன்று வருடமாக வெறுங்கையைத்தான் விட்டேன்.

போன வாரம் கண்ணில் சிராய் குத்தியது. பயப்படாதே, அந்த மருத்துவமனையில் பக்குவமாக எடுத்துவிட்டார்கள். கண் பிழைத்தது.

இலவசம் என்று தெரிந்தும், "எவ்வளவும்மா ஆச்சு?" என்றேன்.

"உங்க பட்டறையில ஏற்கெனவே குடுத்துட்டீங்களே பெரியவரே!" என்று சிரித்தாள் செவிலி. எனக்குத்தான் முகம் செத்துப்போனது.

நேற்று நிறைகையை விட்டேன். இந்த மாதம் பணம் குறையும், திட்டாதே. முதலாளியோடு கூலிச் சண்டை தொடரும்.

இப்போது பொடி எழுத்தும் தெரிகிறது. நெருக்கி எழுது, ஒரு தாளில் நிறையக் கொள்ளும்.